ஓசோன் உருவாகிற இடத்திலேயே ஓசோன் ஏன் குறைவு? வெப்ப மண்டல வானம் பற்றி ஒரு சந்தேகம்

பிளஸ்டூ_இயற்பியல் எழுதியது:

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓசோனை உருவாக்குவது சூரியனின் புற ஊதாக் கதிர், வெயில் அதிகம் அடிப்பது நம்முடைய வெப்ப மண்டலத்தில், அப்படியென்றால் நம் தலைக்கு மேலேதானே ஓசோன் அதிகமாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, எதற்கும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். பார்த்தால் விஷயம் நேர் எதிராக இருக்கிறது. கொடைக்கானலில் 1957 முதல் தரையிலிருந்தே ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள், அங்கே மொத்த ஓசோன் (தலைக்கு மேலே தரையிலிருந்து உச்சி வரை இருக்கும் எல்லா ஓசோனும்) பெரும்பாலும் 240-லிருந்து 280 டாப்சன் அலகுக்குள்தான் நிற்கிறது. வடக்கே கனடா, சைபீரியா பக்கம் வசந்த காலத்தில் 400-ஐத் தாண்டுகிறது. வெயிலே சரியாக எட்டாத இடத்தில் ஓசோன் அதிகம், வெயில் கொளுத்துகிற இடத்தில் குறைவு. இது எப்படி?

இன்னொன்று. 2022-ல் "வெப்ப மண்டலத்துக்கு மேலேயும் ஓசோன் ஓட்டை" என்று செய்தி வந்தது நினைவிருக்கிறது. அதைப் படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். அது உண்மையா? நம்முடைய மேல் வானத்தில் ஓசோன் அளவைத் தீர்மானிப்பது எது என்று யாராவது வகுப்பில் சொல்கிற மாதிரி விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

---

பலூன்_பறக்கவிட்டவன் எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவிக்கு முதலில் ஒரு சபாஷ். 1920-களில் அந்தக் கருவியை உருவாக்கிய டாப்சனுக்கே குழப்பம் தந்த கேள்வி இது. பல ஊர்களில் கருவி வைத்து அளந்தவர், துருவத்துப் பக்கம் வசந்தத்தில் ஓசோன் ஏன் கூடுகிறது என்று யோசித்து, காற்றுதான் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார். பிறகு 1949-ல் ப்ரூவர் என்ற ஆய்வாளர், இங்கிலாந்துக்கு மேலே ஸ்ட்ராடோஸ்பியர் (மேகங்களுக்கு மேலே ஓசோன் இருக்கும் அடுக்கு) எதிர்பாராத அளவுக்கு வறண்டு கிடப்பதைப் பார்த்தார். அவ்வளவு வறண்ட காற்று வர வேண்டுமென்றால் அது மிக மிகக் குளிர்ந்த ஒரு வாசல் வழியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும், அந்தக் குளிர் இருப்பது வெப்ப மண்டலத்தின் மேலே 16, 17 கிமீ உயரத்தில் மட்டுமே, அங்கே மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும். ஈரமெல்லாம் அங்கேயே பனித்துகளாக உறைந்து நின்றுவிடுகிறது. ஆக, நம் தலைக்கு மேலே காற்று ஏறுகிறது, துருவம் பக்கம் போய் இறங்குகிறது. ப்ரூவர்-டாப்சன் சுழற்சி என்று இதைத்தான் சொல்கிறோம்.

இப்போது உங்கள் கேள்வி. ஓசோன் நம் தலைக்கு மேலே உருவாவது உண்மைதான், ஆனால் தங்குவதில்லை. பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி உயர அட்சரேகைகளில் போய் இறங்கிச் சேர்ந்துவிடுகிறது. குளிர்காலம் முழுக்க இப்படிச் சேர்வதால்தான் வசந்தத்தில் அங்கே 400.

வகுப்பில் சொல்வதற்கு ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பொடி வழியாக மெதுவாக இறங்கினால் டிகாஷன் கெட்டியாக வரும், வேகமாக இறங்கினால் தண்ணியாகிவிடும். இங்கே காற்றுதான் தண்ணீர், வெயில்தான் பொடி, ஒரே வித்தியாசம் காற்று மேலே போகிறது. கீழேயிருந்து ஓசோன் ஏறக்குறைய இல்லாமல் நுழைகிற காற்று, பத்து லட்சத்தில் 0.1 பங்கு அளவில் 17 கிமீ-யைத் தாண்டி, ஏற ஏற வெயிலை வாங்கி ஓசோனைச் சேர்த்துக்கொண்டு, 20 கிமீ-யை ஒட்டி பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அளவுக்கு வந்து, 32 கிமீ வாக்கில் பத்து என்கிற உச்சத்தை எட்டுகிறது. ஏறும் வேகம் வினாடிக்கு 0.2, 0.3 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 20 மீட்டர் சொச்சம், ஒரு கிலோமீட்டர் ஏற ஒன்றரை மாதம். இந்த வேகம் கொஞ்சம் கூடினாலும் காற்றுக்கு வெயிலில் நிற்கும் நேரம் குறைகிறது, அந்த உயரத்தில் ஓசோனும் குறைகிறது. வெப்ப மண்டலக் கீழ் ஸ்ட்ராடோஸ்பியரில் ஓசோன் அளவு என்பது, காற்று உள்ளே நுழைந்து எத்தனை மாதம் ஆகிறது என்று காட்டுகிற கடிகாரம் மாதிரி. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

---

வேதியியல்_வாசகி எழுதியது:

மேலே சொன்னது கீழ்ப்பகுதிக்கு மிகச் சரி, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். 30 கிமீ-க்கு மேலே போய்விட்டால் காற்று எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது ஓசோனை நேரடியாகப் பாதிப்பதில்லை, அங்கே வேதியியல்தான் ராஜா.

சாப்மன் 1930-ல் சொன்ன அடிப்படை இது: 242 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுவாக உடைக்கும், தனி அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டினால் ஓசோன், தனி அணு ஓசோனையே முட்டினால் இரண்டும் காலி. இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இருப்பதைவிட நிறைய ஓசோன் வருகிறது. மிச்சத்தைத் தின்பது ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின், புரோமின் சேர்மங்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளின் பங்கை க்ரூட்சன் 1970-ல் காட்டினார், குளோரினை மொலினாவும் ரோலண்டும் 1974-ல் காட்டினார்கள், மூவருக்கும் 1995-ல் நோபல். ஒரே குளோரின் அணு திரும்பத் திரும்ப வந்து ஓசோனை அழித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் பயங்கரம்.

உயரத்துக்கு ஏற்ப ஓசோனின் ஆயுள் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 40 கிமீ-யில் ஒரு நாளுக்கும் குறைவு. அங்கே நீங்கள் காற்றை எங்கிருந்து கொண்டுவந்து போட்டாலும் சில மணி நேரத்தில் வெயிலும் வெப்பநிலையும் சேர்ந்து முடிவு செய்கிற அளவுக்கு ஓசோன் வந்து நின்றுவிடும். 20 கிமீ-க்குக் கீழே அதே ஓசோன் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் அங்கே காற்று இழுத்த இழுப்புக்கு வரும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 28 கிமீ உயரத்தில், அதிகாரம் கை மாறுகிறது.

இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே ஸ்ட்ராடோஸ்பியர் காற்று கிழக்கும் மேற்குமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கிறது, ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 28 மாதம். ஈராண்டு அலைவு என்பார்கள். 1960-ஐ ஒட்டித்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. இந்த அலைவு ஒரு கட்டத்தில் காற்றின் மேலேற்றத்தைக் கூட்டும், இன்னொரு கட்டத்தில் குறைக்கும். மேலேற்றம் கூடினால் 28 கிமீ-க்குக் கீழே ஓசோன் குறைகிறது, காரணம் முன்னால் சொன்ன டிகாஷன் கணக்கு. ஆனால் அதே நேரம் 28 கிமீ-க்கு மேலே ஓசோன் கூடுகிறது! கீழேயிருந்து வரும் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவு, அது வேகமாக ஏறி மேலே நிறையும்போது ஓசோனைத் தின்ன ஆள் குறைந்துபோகிறது. ஒரே காற்று கீழே ஒரு மாதிரியும் மேலே எதிர் மாதிரியும் வேலை செய்கிறது. செயற்கைக்கோள் படங்களில் இது இரண்டு அடுக்காக, ஒன்று சிவப்பென்றால் மற்றது நீலமாக, வருடா வருடம் கீழே இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

---

பிளஸ்டூ_இயற்பியல் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டிகாஷன் உதாரணம் நாளைக்கே வகுப்புக்குப் போகிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. காற்று ஏறுகிறது என்கிறீர்கள், எது அதை ஏற்றுகிறது? சூடான காற்று மேலே போகும் என்பது இங்கே பொருந்தாதே, ஸ்ட்ராடோஸ்பியரில் மேலே போகப் போகச் சூடு அதிகம், அங்கே காற்று தானாக ஏறக் கூடாது அல்லவா? அப்புறம், ஒரு நாளைக்கு 20 மீட்டர் என்பதை எப்படி அளந்தார்கள்? அவ்வளவு மெதுவான காற்றைக் காட்டுகிற கருவி இருக்கிறதா?

---

பலூன்_பறக்கவிட்டவன் எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். தானாக ஏறாது, இழுக்கப்படுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று ராக்கி மலை, இமயமலை மாதிரிப் பெரிய மலைகளில் மோதுவதாலும், நிலத்துக்கும் கடலுக்கும் இருக்கும் வெப்ப வேறுபாட்டாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் கிளம்பி ஸ்ட்ராடோஸ்பியர் வரை போய், கடற்கரையில் அலை உடைகிற மாதிரி அங்கே உடைகின்றன. உடையும்போது அங்குள்ள காற்றுக்கு ஒரு தடை போடுகின்றன. பூமி சுழல்வதால், தடைபட்ட காற்று துருவம் பக்கம் நகர்ந்தாக வேண்டும். அது நகர்ந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து, நம் பக்கத்திலிருந்து, காற்று உறிஞ்சப்படுகிறது. மோட்டார் இருப்பது கனடாவிலும் சைபீரியாவிலும், தண்ணீர் எடுப்பது நம் கிணற்றிலிருந்து. விரும்பாத காற்றை மேலே இழுப்பதால் அது விரிந்து குளிர்கிறது. அந்த 17 கிமீ வாசல் அவ்வளவு குளிராக இருப்பதில் இந்த இழுப்புக்கும் பங்கு உண்டு.

மலையும் நிலமும் வட கோளத்தில்தான் அதிகம், ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பம்பு முழு வீச்சில் ஓடுகிறது. அந்த மாதங்களில் வெப்ப மண்டல வாசலுக்குச் சற்று மேலே ஓசோன் மிகக் குறைவு, ஆகஸ்ட், செப்டம்பரில் அதிகம், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கொடைக்கானலின் மொத்த ஓசோனும் மார்கழி, தையில் குறைந்து மழைக்கால மாதங்களில் கூடுகிறது. வெயிலைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது.

வேகத்தை அளந்த கதை இன்னும் அருமை. நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. ஆனால் வாசலின் குளிர் வருடத்தில் ஏறி இறங்குகிறது அல்லவா, ஜனவரியில் நுழைந்த காற்று ரொம்ப வறண்டது, ஆகஸ்டில் நுழைந்தது கொஞ்சம் ஈரம். அந்த வறட்சியும் ஈரமும் அப்படியே பட்டை பட்டையாக மேலே போகின்றன. செயற்கைக்கோளில் நீராவியைப் பார்த்து, இந்தப் பட்டை இந்த உயரத்துக்கு வர எத்தனை மாதம் ஆனது என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடுகிறது. 1996-ல் இதை எழுதிய மோட் குழுவினர் டேப் ரெக்கார்டர் என்றே பெயர் வைத்தார்கள். காற்று தான் உள்ளே வந்த மாதத்தைப் பதிவு செய்துகொண்டு போகிறது.

---

தென்மேற்குக்_காற்று எழுதியது:

நண்பருடைய விளக்கத்தில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆகஸ்டில் ஓசோன் அதிகமாவதற்குக் காரணம் பம்பு மெதுவாவது மட்டும்தான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ராண்டல் குழுவினர் 2007-ல் அப்படித்தான் வாதாடினார்கள். ஆனால் ஜெர்மனியின் யூலிஷில் இருக்கும் கோனோப்காவும் கூட்டாளிகளும் அடுத்த சில வருடங்களிலேயே வேறொன்றைக் காட்டினார்கள்: பக்கவாட்டில் வந்து கலக்கும் காற்று. நம்முடைய தென்மேற்குப் பருவமழை நேரத்தில் திபெத், ஈரான் பக்கத்துக்கு மேலே, 16 கிமீ உயரத்தை ஒட்டி, ஒரு பிரம்மாண்டமான எதிர்ச்சுழல் (கடிகார முள் திசையில் சுற்றும் காற்று) உட்கார்ந்திருக்கும். அதன் தெற்கு விளிம்பில்தான் தென்னிந்தியாவுக்கு மேலே வீசும் கிழக்கத்திய அதிவேகக் காற்று, 1958-ல் நம் வானிலைத் துறையின் கோடீஸ்வரம் எடுத்துச் சொன்னது. இந்தச் சுழல் தன் கிழக்கு ஓரம் வழியாக வடக்கிலிருந்து ஓசோன் நிறைந்த பழைய காற்றை வளைத்து இழுத்து வெப்ப மண்டலத்துக்குள் தள்ளுகிறது. கோடையில் நம் பக்கத்தில் காணும் கூடுதல் ஓசோனில் ஒரு பெரிய பங்கு இங்கே தயாரானதே இல்லை, விருந்தாளி. மேலேற்றத்தையே எல்லாவற்றுக்கும் காரணம் காட்டினால் பருவமழையின் பங்கு மறைந்துபோகிறது, நம் பகுதியில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவர்கள் அதை விடக் கூடாது.

---

பலூன்_பறக்கவிட்டவன் எழுதியது:

நியாயமான திருத்தம், நான் பக்கவாட்டுக் கலப்பைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு குழுவும் ஒருவரை ஒருவர் பொய்யாக்கவில்லை என்று நினைக்கிறேன். டீச்சர் ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. வைகை அணையில் நேற்றைக்கும் இன்றைக்கும் மட்டம் ஏன் மாறியது என்று கேட்டால், மதகு எவ்வளவு திறந்தார்கள், எவ்வளவு வந்தது என்று சொல்வோம். அணையில் கிடக்கும் தண்ணீரில் பெரியாற்றுத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் அது வேறு கணக்கு. ராண்டல் கேட்டது முதல் மாதிரிக் கேள்வி: ஒரு உயரத்தில் நின்று பார்த்தால் ஓசோன் மாதத்துக்கு மாதம் ஏன் மாறுகிறது? அதற்கு மேலேற்றம் பெரும் பதில். கோனோப்கா கேட்டது இரண்டாவது: இந்தக் காற்றுப் பொட்டலம் எந்த வழியாக வந்தது, அதன் ஓசோன் எங்கே உருவானது? அதற்குப் பக்கவாட்டுக் கலப்பு இல்லாமல் பதிலே கிடையாது. உயரத்தைப் பொறுத்தும் மாறும், வாசலை ஒட்டிக் கலப்பு பலமாக இருக்கும், 20 கிமீ-யைத் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதோடு வாசலுக்குக் கீழே, 10-லிருந்து 16 கிமீ வரை இருக்கும் பகுதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே ஆட்சி இடிமேகத்துடையது. கடல் மட்டத்தில் இருக்கும் ஓசோன் குறைந்த காற்றை ஒரு மணி நேரத்துக்குள் தூக்கி மேலே கொட்டும், அதே மேகத்தின் மின்னல் நைட்ரஜன் ஆக்சைடைக் கொடுத்து ஓசோன் உருவாக வழி செய்யும் (மேலே ஓசோனைத் தின்கிற அதே பொருள் இந்த உயரத்தில் எதிர் வேலை செய்கிறது). மேற்குப் பசிபிக்கில் முதல் வேலை ஓங்குகிறது, அட்லாண்டிக் பக்கம் ஆப்பிரிக்கக் காட்டுத்தீப் புகையும் மின்னலும் சேர்ந்து ஓசோனைக் கூட்டுகின்றன. 1998-ல் தொடங்கிய ஷாடோஸ் என்கிற, ஓசோனை அளக்கும் பலூன் வலைப்பின்னல் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியது.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நானும் சில பலூன்களைத் தயார் செய்து விட்டிருக்கிறேன். சின்ன பம்பு ஒன்று காற்றைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் குமிழியாக விடும், ஓசோன் வந்தால் மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வரும், அதை எண்ணித்தான் ஓசோன். ஓசோனே இல்லாதபோதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும், அதைச் சரியாகக் கழிக்க வேண்டும். ஒருமுறை அதைக் கூடுதலாகக் கழித்துவிட்டு, 14 கிமீ-யில் ஓசோன் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று இரவு முழுக்க உற்சாகமாக இருந்தேன். மறுநாள் வழிகாட்டி உட்கார வைத்துக் கணக்கைத் திரும்பப் போடச் சொன்னபோது புரிந்தது. ஓசோன் மிகக் குறைந்த உயரத்தில் இந்தக் கழித்தல்தான் விடையையே முடிவு செய்கிறது. பசிபிக் மேலே பூஜ்யத்தை ஒட்டி வந்த பழைய அளவீடுகள் சிலவற்றைப் பற்றி விவாதம் எழுந்ததும் இதனால்தான்.

---

வேதியியல்_வாசகி எழுதியது:

டீச்சர் கேட்ட 2022 செய்திக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்தக் கட்டுரையை எழுதியவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சிங்-பின் லூ. 1980-களிலிருந்தே வெப்ப மண்டலத்துக்கு மேலே வருடம் முழுக்க ஓட்டை இருக்கிறது, அது அண்டார்டிகா ஓட்டையைவிட ஏழு மடங்கு பெரியது என்றார். துறையில் இருக்கும் பலர் உடனே மறுத்தார்கள், என் கருத்தும் மறுப்பின் பக்கம்தான். அவர் ஓட்டை என்று சொன்னது, முன்பு இருந்ததைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறைந்த இடத்தை. அது நடப்பதாகச் சொன்ன உயரமோ ஓசோன் ஏற்கெனவே மிகக் குறைவாக இருக்கும் கீழ் ஸ்ட்ராடோஸ்பியர். பத்து ரூபாய் வைத்திருப்பவர் மூன்று ரூபாயை இழந்தால் 30 சதவீதம் போயிற்று என்பது சரி, ஆனால் வீட்டின் மொத்தச் சொத்தில் 30 சதவீதம் போனதாக ஆகாது. அண்டார்டிகாவில் ஓட்டை என்பது மொத்த ஓசோன் 220 டாப்சன் அலகுக்குக் கீழே விழுவது, அங்கே சில உயரங்களில் ஓசோன் ஏறக்குறைய முழுதாகவே அழிந்துபோகிறது. கொடைக்கானலில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் அதனால் கவலையே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் குளோரின் குறைந்துவருகிறது, 2022-ன் சர்வதேச மதிப்பீடு துருவங்களைத் தவிர்த்த உலகின் ஓசோன் 2040 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்கிறது. வெப்ப மண்டலத்துக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது. கரியமில வாயு கூடினால் மேல் ஸ்ட்ராடோஸ்பியர் குளிரும், குளிர்ந்தால் ஓசோனை அழிக்கிற வினைகள் மந்தமாகி அங்கே ஓசோன் கூடும். அதே கரியமில வாயுவால் சுழற்சி வேகமாகும் என்று கணினி மாதிரிகள் ஒன்றுபோலச் சொல்கின்றன, வேகமானால் கீழே ஓசோன் குறையும். மேலே வரவு, கீழே செலவு. குளோரின் முழுதாகப் போன பிறகும் நம் தலைக்கு மேலே மொத்த ஓசோன் பழைய அளவை எட்டாமல் போகலாம் என்பது இதனால்தான். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது இயற்கையே இதைச் சோதித்துக் காட்டியது: ஸ்ட்ராடோஸ்பியரில் பரவிய கந்தகத் துகள்கள் வெப்பத்தை உறிஞ்சி அங்குள்ள காற்றைச் சூடாக்கின, மேலேற்றம் கூடியது, சில மாதங்களில் வெப்ப மண்டல ஓசோன் குறைந்தது. இன்றைக்குச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பக் கந்தகம் தூவலாம் என்று பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நம் பக்கத்தில் சூரியன் நேர் உச்சியில், ஓசோனோ இயல்பாகவே குறைவு. புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது நமக்குச் சாதாரணம், மலை மேலே இன்னும் கூடும். இங்கே குறையும் ஒவ்வொரு சதவீதமும் கனடாவில் குறைவதைவிட அதிகமாக உறைக்கும்.

---

பிளஸ்டூ_இயற்பியல் எழுதியது:

அந்த மாணவிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டிகாஷனும் வைகையும் உடனே பிடிபட்டுவிட்டன. இப்போது அடுத்த கேள்வி: ஈராண்டு அலைவு எப்போதாவது தவறியதுண்டா, தவறினால் ஓசோன் என்ன ஆகும் என்கிறாள்.

---

வேதியியல்_வாசகி எழுதியது:

தவறியிருக்கிறது. 1953 முதல் தொடர்ச்சியாக இருக்கும் பதிவில் முதல் முறையாக 2016 தொடக்கத்தில், மேற்குக் காற்று வீச வேண்டிய இடத்தில், 22 கிமீ வாக்கில், நடுவிலேயே கிழக்குக் காற்று முளைத்துவிட்டது. 2019-20-ல் மறுபடியும். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த அலைகள்தான் கலைத்தன. மேலேற்றம் மாறியது, ஓசோனும் அதற்கேற்ப மாறியது, பலூன்களிலும் செயற்கைக்கோளிலும் பதிவாகியிருக்கிறது. 2016-க்கு முன்னும் பின்னும் வெப்ப மண்டலத்தின் ஓசோன் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த மாதத்தில் தடம் புரண்டது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.